சிற்றாலயத்துக் கிராதி

கம்பியை விரல் முட்டியால் ஒரு தட்டுத் தட்டியதுமே வெல்டரம்மாவுக்குத் தெரிந்துபோயிற்று, இது தேறாது என்று. நல்ல இரும்பைத் தட்டினால் கணீரென்று பதில் வரும். இது ஜலதோஷம் பிடித்தவன் பேசுவதுபோல் மொத்தென்று ஒரு சத்தம் போட்டு அடங்கிவிட்டது. அவள் பலிபீடத்துக்குப் பக்கத்தில் தரையோடு தரையாகக் குனிந்து, திருப்புளி முனையால் கம்பியின் அடியைச் சுரண்டினாள். துரு பொருக்குப் பொருக்காகப் பெயர்ந்து வந்தது. பக்கத்துக் கம்பியும் அப்படியே, அதற்கடுத்ததும் அப்படியே. மேலே கறுப்புப் பெயின்ட் ஒன்றும் அறியாததுபோல் மினுமினுத்துக்கொண்டிருக்க, தரைக்குள் இறங்கும் இடத்தில் மட்டும் இருபத்து நாலு கம்பிகளும் அரித்து மெலிந்துபோயிருந்தன.

"ரொம்ப மோசமாம்மா?" என்றார் பின்னால் நின்றிருந்த வெளி சிஸ்டர்.

"இந்த வேலையைச் செஞ்சது யாருன்னு சொல்லுங்க சிஸ்டர். அவளை நாலு வார்த்தை கேக்கணும்."

"நீங்கதானேம்மா செஞ்சீங்க?"

"அதனாலதான் கேக்கறேன்."

அது கார்மேல் மடம். உள்ளே நுழைந்த கன்னியர் உயிரோடு வெளியே வருவதில்லை. ஆஸ்பத்திரிக்குப் போனால்தான் உண்டு. கதவைத் திறப்பது, கடைக்குப் போவது, தபால்காரரிடம் கையெழுத்துப் போடுவது போன்ற உலக விவகாரங்களுக்கென்று ஒரே ஒருவர் வெளிப்பக்கம் இருப்பார். அவர்தான் வெளி சிஸ்டர். மற்ற பதினோரு பேரும் சுவருக்கு அந்தப் பக்கம். அவர்களுக்கு ஏதாவது கொடுக்க வேண்டுமென்றால் சுவரில் பதித்த மரப்பீப்பாய் ஒன்று இருக்கிறது; பொருளை அதற்குள் வைத்துச் சுழற்றிவிட வேண்டும், கையோ முகமோ தெரியாமல் எடுத்துக்கொள்வார்கள். சிற்றாலயமும் அதே கணக்குத்தான். பொதுமக்களுக்கு ஐந்தே ஐந்து பெஞ்சு. மெத்தை கிடையாது, சாய்மானம் பெயருக்கு. செதுக்கல் ஒன்றும் இல்லாத மரப் பலிபீடம், சுவரில் பழுப்பு அங்கி போட்ட மாதா, இரண்டு மெழுகுவர்த்தி. பலிபீடத்துக்கு வலப்பக்கச் சுவரில் ஆளுயரத்துக்கு ஒரு பெரிய திறப்பு. அதை அடைத்துக்கொண்டுதான் இந்தக் கிராதி. அதற்கப்பால் கன்னியர் எதிரும் புதிருமாக இரண்டு வரிசையில் உட்கார்ந்து செபம் பாடுவார்கள். பக்கவாட்டுச் சுவராகையால் பெஞ்சிலிருந்து பார்த்தால் கம்பிகள் ஒன்றையொன்று மறைத்துக்கொண்டு ஒரே கறுப்பாகத் தெரியும். குரல்தான் வரும், ஆள் தெரியாது.

வெல்டரம்மா எழுந்து கையைத் தட்டிக்கொண்டாள். மழைச் சாரல் இல்லை, கூரை ஒழுகவில்லை. இந்த இரும்பு இப்படி அழுக எங்கிருந்து தண்ணீர் வந்தது என்பதுதான் அவளுக்குப் பிடிபடவில்லை.

"உள்ளே தரையை எதால துடைக்கறீங்க?"

"துடைக்கறதில்லம்மா. கழுவறோம். சனிக்கிழமை சனிக்கிழமை, இருபது வாளி."

"இருபதா?"

"தரை சுத்தமா இருக்கணும்னு மதர் ரொம்பப் பார்ப்பாங்க."

பத்து வருடத்துக்கு முன்னால், பழைய மடத்துக்குப் பதிலாக இந்தப் புதுக் கட்டடம் எழும்பியபோது, கம்பிகளை நேராகத் தரையில் ஊன்றிக் காரை போட்டது வெல்டரம்மாதான். உள்ளே என்ன நடக்கும் என்று அவள் கேட்கவில்லை, அவர்களும் சொல்லவில்லை. வாரம் இருபது வாளித் தண்ணீர் ஒவ்வொரு கம்பியின் காலையும் நனைத்துவிட்டுப் போயிருக்கிறது. மூன்றாவது வருடமே துரு கண்ணில் பட்டதாம். பதினோரு பேரும் பார்த்திருக்கிறார்கள். குறை சொல்வது தன் வேலை இல்லை என்று பதினோரு பேரும் தனித்தனியாக முடிவு செய்து வாயைக் கட்டிக்கொண்டு இருந்திருக்கிறார்கள்.

"துருவுக்குக்கூடவா சிஸ்டர் மௌன விரதம்?" என்று தலையில் அடித்துக்கொண்டாள் வெல்டரம்மா. வெளி சிஸ்டர் சிரிப்பை அடக்கிக்கொண்டு மாதாவைப் பார்த்தார்.

சிரிக்கத்தக்க விஷயம்தான். ஆனால் வெல்டரம்மாவுக்கு உள்ளுக்குள் வேறொன்று ஓடிக்கொண்டிருந்தது. இந்தக் கிராதி விழப்போகிறது. இனி இதை நிறுத்த முடியாது. அந்த நினைப்பு வந்ததும் நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டது. பயத்தில் அல்ல, ஆசையில்.

அந்தப் பதினோரு பேரில் ஒருத்தி அவள் மகள்.

கிராதி செய்த காலத்தில் மகள் கல்லூரிக்குப் போய்க்கொண்டிருந்தாள். மடத்தில் நாலு விரல் இடைவெளி போதும் என்றுதான் கேட்டார்கள். வெல்டரம்மாவுக்கு வேலையில் கர்வம் அதிகம். நெருக்கமாக வைத்தால்தான் பார்வைக்கு எடுப்பு என்று மூன்று விரலாக்கிக் கொடுத்தாள். பூனைக்குட்டிகூட நுழையாது என்று பெருமையடித்துக்கொண்டாள். மூன்று வருடம் கழித்து, ஒரே மகள், படிப்பை முடித்த கையோடு, நான் கார்மேலுக்குப் போகிறேன் என்று வந்து நின்றாள். அழுகை, சண்டை, சொந்தக்காரர்களைக் கூட்டிவந்து புத்தி சொல்ல வைத்தது, எதுவும் எடுபடவில்லை. பெற்றவளே கூண்டு செய்து வைத்துவிட்டு இப்போது கிளியைக் காணோம் என்கிறாள் என்று தெருவில் யாரோ சொன்னது வெல்டரம்மா காது வரைக்கும் வந்தது. சொன்னவர் யாரென்று தெரிந்திருந்தால் அன்றைக்குக் கொலை விழுந்திருக்கும்.

மாதம் ஒருமுறை பார்வையாளர் அறையில் பேசலாம், அங்கேயும் கம்பிதான். அது போதாமல் வெல்டரம்மா தினமும் காலைப் பூசைக்கு வருவாள். முதல் பெஞ்சின் இடது ஓரம் அவளுக்கென்றே ஆகிவிட்டது. காரணம் பக்தி இல்லை. கிராதியின் நடுவில் ஒரு சின்னக் கதவு உண்டு. சாமியார் நற்கருணை அப்பம் கொடுக்கும்போது மட்டும் அதைத் திறப்பார். அந்த ஓரத்தில் உட்கார்ந்து தலையைக் கொஞ்சம் சாய்த்தால், கதவு வழியாக ஒவ்வொருவராக வந்து மண்டியிடும் கன்னியரின் தாடை தெரியும். தாடை மட்டும். மடத்தில் சேர்ந்த வரிசைப்படி வருவார்கள். பத்துத் தாடைகளை எண்ணிவிட்டு வெல்டரம்மா மூச்சைப் பிடித்துக்கொள்வாள். பதினோராவது தாடை மகளுடையது. கண் இமைக்கும் நேரம். பிறகு கதவு சாத்திவிடும். அந்தக் கதவின் கீலும் அவள் போட்டதுதான். கொஞ்சம் இறுகித் தொலைத்திருக்கக் கூடாதா, சாமியார் சாத்துவதற்குள் இன்னொரு நொடி கிடைத்திருக்குமே என்று எத்தனையோ நாள் நினைத்திருக்கிறாள்.

அன்று மாலையே வெல்டரம்மா வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் காகிதத்தை விரித்துப் படம் போட்டாள். இரும்பு வேண்டாம். இடுப்பு உயரத்துக்கு ஒரு மரத் தடுப்பு, அவ்வளவுதான். மேலே வெறும் திறப்பு. பெஞ்சில் உட்கார்ந்தால் உள்ளே பாதி அறை தெரியும். ஒரு வரிசை முழுசாகத் தெரியும்.

அவள் கணவர் தையல்காரர். வாயில் ஊசியை வைத்துக்கொண்டே எட்டிப் பார்த்தார். "வெல்டரு மரத்துல படம் போடறது இன்னைக்குத்தான் பாக்கறேன்."

"மரவேலையை வேற ஆளை வெச்சு முடிச்சுக்கறேன். நீங்க உங்க காஜாவைப் பாருங்க."

மறுநாள் மடத்துத் தலைவியைப் போய்ப் பார்த்தாள். மதர் கம்பிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். வெல்டரம்மா இரும்பின் குணம், தண்ணீரின் குணம், துருவின் குணம் எல்லாவற்றையும் மூச்சுவிடாமல் எடுத்துச் சொன்னாள். இப்போதெல்லாம் வேறு கார்மேல் மடங்களில் தடுப்பைத் தாழ்த்திவிட்டார்கள் என்று விசாரித்து வைத்திருந்ததையும் சேர்த்துக்கொண்டாள்.

"நீங்க பேசறது துருவைப் பத்தி மட்டும்தானாம்மா?" என்று கேட்டார் மதர்.

"துருவைப் பத்தித்தான் மதர்," என்று கண்ணைப் பார்த்துப் பொய் சொன்னாள் வெல்டரம்மா.

மதர் படத்தை மடித்து வைத்துக்கொண்டார். "எனக்குச் சம்மதம். ஆனா நான் ஒருத்தி முடிவு பண்ற விஷயம் இல்லை. பதினோரு பேரும் விதை போடுவோம். வெள்ளை விதை போட்டா சரின்னு அர்த்தம், கறுப்பு போட்டா வேண்டாம்னு. சாகிற வரைக்கும் ஒரே அறையில உட்காரப்போற ஆளுங்க நாங்க. ஒருத்தர் வேண்டாம்னாலும் கிராதி பழையபடிதான்."

அந்த நாலு நாள் வெல்டரம்மா தரையில் கால் பாவாமல் திரிந்தாள். பட்டறையில் ஒரு மாடிப்படிக் கைப்பிடியைத் தலைகீழாகப் பற்றவைத்துவிட்டு மறுபடி அறுத்தாள். மகளின் முழு முகம். நாடி, மூக்கு, நெற்றி எல்லாம் சேர்ந்த முகம், கம்பி விழாத முகம், தினமும் காலையில். நினைக்க நினைக்க அவளுக்குச் சிரிப்பு வந்தது.

ஐந்தாம் நாள் வெளி சிஸ்டர் வாசலிலேயே நின்று சொன்னார்: "பத்து வெள்ளைம்மா. ஒரு கறுப்பு."

யார் போட்டது என்று கேட்டதற்கு, யாருக்கும் தெரியாது, தெரியவும் கூடாது என்றார். வெல்டரம்மாவுக்குத் தெரியாமல் என்ன? பெரிய சிஸ்டர்தான். எண்பத்தெட்டு வயது, அறுபத்தைந்து வருடமாக மடத்தில் இருப்பவர், பழசில் ஒரு துரும்பை அசைத்தாலும் ஒத்துக்கொள்ள மாட்டார் என்று கேள்வி. ஒரு வாரம் முழுக்க அந்தக் கிழவியை வைத்து வாங்கு வாங்கென்று வாங்கினாள். வெளி சிஸ்டரிடம் திட்டினாள், தையல்காரரிடம் திட்டினாள், இரும்பு அறுக்கும்போது இரும்பிடமும் திட்டினாள். பிறகு, திட்டி என்ன ஆகப்போகிறது, வேலை நடக்க வேண்டும் என்று மனதைத் தேற்றிக்கொண்டு, பார்வை நாளுக்காகக் காத்திருந்து மகளிடம் போனாள்.

பார்வையாளர் அறையில் இந்தப் பக்கம் இரண்டு முக்காலி, அந்தப் பக்கம் ஒன்று. மகள் வந்து உட்கார்ந்தாள். பழுப்பு அங்கி, கறுப்பு முக்காடு. முகத்தின் குறுக்கே ஒரு கம்பி எப்போதும்போல விழுந்தது. வெல்டரம்மா இடம் மாறி உட்கார்ந்தால் அதுவும் மாறி விழுந்தது.

"நீ அந்தப் பெரிய சிஸ்டர்கிட்ட கொஞ்சம் எடுத்துச் சொல்லுடி. பத்துப் பேரு சரின்னு சொன்ன விஷயம். எண்பத்தெட்டு வயசுல அந்தம்மாவுக்கு என்ன இவ்வளவு பிடிவாதம்?"

மகள் மடியில் கோத்திருந்த கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "அது பெரிய சிஸ்டர் இல்லம்மா."

"வேற யாரு?"

"சொல்லக் கூடாது. ஆனா நீ ஒரு வாரமா அவங்களைத் திட்டிட்டு இருக்கேன்னு தெரிஞ்சுது. அவங்க வெள்ளைதான் போட்டேன்னு எல்லார்கிட்டயும் சொல்லிட்டுத் திரியறாங்க, பாவம். கறுப்பு என்னோடது."

வெல்டரம்மாவுக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் உடம்பெல்லாம் சூடேறியது. குரல் மட்டும் சின்னதாகத்தான் வந்தது.

"ஏண்டி? உன் அம்மா மூஞ்சியைப் பாக்க அவ்வளவு கசக்குதா?"

"கசந்தா வெள்ளையே போட்டிருப்பேனே."

மகள் நிமிர்ந்து, கம்பிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாகத் தெரிந்த இரண்டு கண்ணாலும் அம்மாவைப் பார்த்தாள்.

"காலையில வந்து இடது ஓரத்துல உக்காந்துக்கறே. கதவு திறந்ததும் தலையைச் சாய்க்கறே. எனக்குத் தெரியாதுன்னு நினைச்சியா? நீ இருமினா எனக்குச் செபப் பாட்டுல வரி விட்டுப்போகுது. இன்னைக்கும் வெல்டிங் புகையைக் குடிச்சிருக்கா, முகமூடி போட்டாளா இல்லையான்னு ஓடிருது புத்தி. ஏழு வருஷமாச்சும்மா, இன்னும் அப்படித்தான். நடுவுல ஒண்ணும் இல்லேன்னா நான் பலிபீடத்தைப் பாக்க மாட்டேன். உன்னைத்தான் பாத்துட்டு இருப்பேன். ஒரு வாரம் தாங்குவேன். அப்புறம் எந்திரிச்சு வந்துடுவேன்."

"அப்போ வந்துடுடி."

"மாட்டேன்."

"முடியலேன்னு நீதானே சொல்றே?"

"முடியலேன்னுதான் சொன்னேன். வரேன்னு சொல்லலையே."

வெல்டரம்மா முக்காலியை ஓசைப்பட நகர்த்தி எழுந்தாள். "சரி. அப்படின்னா அந்தக் கிராதியை நான் செய்ய மாட்டேன். ஒரு தடவை என் கையால செஞ்சு அனுபவிச்சது போதும். வேற ஆளைப் பாத்துக்கச் சொல்லு உன் மதரை." சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் நடந்தாள். வாசல் வரைக்கும் போவதற்குள் மகள் கூப்பிடுவாள் என்று எதிர்பார்த்தாள். கூப்பிடவில்லை.

வீட்டுக்கு வந்து தையல்காரரிடம் எல்லாவற்றையும் கொட்டினாள். அழுதாள். அழுவது தெரிந்துவிடக் கூடாது என்று பாத்திரங்களை உருட்டினாள். அவர் துணியிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டுக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னார்:

"நீ பதினேழு வயசுல வெல்டிங் கத்துக்கப் போறேன்னு நின்னப்போ உங்கப்பா மூணு நாள் பட்டினி கிடந்தாரு. ஞாபகம் இருக்கா? நீ மூணு வேளையும் சாப்பிட்டே."

"அதுக்கு?"

"அதுக்கு ஒண்ணுமில்லே. அவளும் இந்நேரம் சாப்பிட்டிருப்பா."

அவருக்கு எப்போதும் இப்படித்தான், பேசினால் ஒரு பிடி பேசிவிட்டு மெஷினை மிதிக்க ஆரம்பித்துவிடுவார். வெல்டரம்மா அன்றைக்குச் சாப்பிடவில்லை. மறுநாள் நன்றாகவே சாப்பிட்டாள்.

பத்து நாள் பூசைக்குப் போகாமல் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தாள். பதினோராம் நாள் கால் தானாக அந்தப் பக்கம் திரும்பியது. பூசை முடிந்திருந்தது. உள்ளே போனால், பலிபீடத்துக்குப் பக்கத்தில் கேட்டுக்காரர் நின்றுகொண்டிருந்தார். எதிர்த்தெருவில் வீட்டு கேட்டுகள் செய்து விற்கிற ஆள். ஒரு படப் புத்தகத்தை விரித்து வெளி சிஸ்டருக்கு விளக்கிக்கொண்டிருந்தார். உள்ளே பொந்தாக இருக்கும் குழாய்க் கம்பி. நடுநடுவே தகட்டில் வெட்டிய ரோஜாப்பூ. உச்சியில் ஈட்டி முனை, அதற்குத் தங்கக் கலர் பெயின்ட்.

"கோயிலுன்னா கொஞ்சம் ஜொலிக்கணும் இல்லையா சிஸ்டர்? ரெண்டு நாள்ல மாட்டிக் கொடுத்துடறேன்."

வெல்டரம்மா அந்த ரோஜாப்பூவைப் பார்த்தாள். மகள் கண் விழிப்பது இந்தப் பூவில், படுக்கப்போகுமுன் இந்தப் பூவில், ஐம்பது வருடம், அறுபது வருடம். குழாய் இரண்டே வருடத்தில் உள்ளுக்குள் துருப்பிடிக்கும். இந்தப் பதினோரு பேரும் அதையும் பார்த்துக்கொண்டு வாயைத் திறக்காமல் இருப்பார்கள். என் மகளுக்கும் எனக்கும் நடுவில் ஒன்று நிற்கத்தான் போகிறது என்றால், அதை இந்த ஆளா செய்வது?

"அண்ணே," என்றாள், "புத்தகத்தை மூடிட்டுக் கிளம்புங்க."

"நீங்க விட்டுட்டீங்கன்னு சொன்னாங்களேம்மா?"

"விட்டேன். இப்ப பிடிச்சுட்டேன். கிளம்புங்க."

மதரிடம் நின்றபடியே பேசினாள். "நானே செய்யறேன் மதர். ஆனா தரையில ஊன்ற மாட்டேன். சுவருல உள் விளிம்புல பிடிச்சு, தரையிலேருந்து நாலு விரல் தூக்கி நிறுத்தறேன். உங்க இருபது வாளியும் அடியில ஓடட்டும். கெட்டிக் கம்பி, பூ கிடையாது. நான் போனதுக்கு அப்புறமும் அது நிக்கணும்."

"கம்பிக்குக் கம்பி இடைவெளி?" என்று கேட்டார் மதர்.

வெல்டரம்மா தன் விரல்களைப் பார்த்தாள். நாலு விரல் என்று சொல்லலாம். முதலில் அவர்கள் கேட்டதே அதுதான். நடுக் கதவைக்கூட இரண்டு அங்குலம் அகலமாக்கலாம். தாடையோடு வாயும் தெரியும், மூக்கும் தெரியும். யாரும் அளந்து பார்க்கப்போவதில்லை.

"மூணு விரல்," என்றாள். "கதவும் அதே அளவு. எதுவும் மாறாது."

மதர் தலையை அசைத்தார். வேறு ஏதாவது வேண்டுமா என்று கேட்டார். சுவர் ஒன்றரை அடி கனம், எல்லா இடத்திலும் ஒரே கனமாக இருக்காது, நாலு மூலையிலும் வெளி விளிம்பிலிருந்து உள் விளிம்பு வரைக்கும் அளந்தால்தான் போல்ட்டின் நீளம் தெரியும், அதற்கு அந்தப் பக்கம் ஒரு ஆள் நிற்க வேண்டும் என்றாள் வெல்டரம்மா.

"அனுப்பறேன்," என்றார் மதர்.

ஆலயத்தில் வேறு யாரும் இல்லை. வெல்டரம்மா ஒரு முக்காலியைச் சுவரோரம் இழுத்துப் போட்டாள். உள்ளே காலடிச் சத்தம் வந்தது, செருப்பு தரையில் இழுபடும் சத்தம். மகள் கிராதிக்கு நேரெதிரே வந்து நின்றாள். வெல்டரம்மா இடுப்பிலிருந்து டேப்பை எடுத்து, நுனியைப் பிடித்து, கம்பிகளுக்கு நடுவில் உள்ளே நீட்டினாள். மகள் வாங்கிக்கொண்டாள். கீழே இரண்டு மூலையையும் அளந்தார்கள். ஒன்றில் பதினெட்டு அங்குலம், இன்னொன்றில் கால் அங்குலம் கூட. வெல்டரம்மா காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்துச் சுவரிலேயே எழுதினாள்.

மேல் மூலைக்கு இவள் முக்காலியில் ஏறினாள். அந்தப் பக்கம் மகளும் ஒரு முக்காலியைக் கொண்டுவந்து போட்டு, அங்கியை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஏறினாள். முகத்துக்கு நேராக முகம் வந்தது. டேப்புக்குள் இருக்கும் ஸ்பிரிங் அதைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டே இருக்கும். பிடி தளர்ந்தால் சரேலென்று ஓடிவந்து கையைக் கிழித்துவிடும். மகள் நுனியை உள் விளிம்பில் வைத்துக் கட்டை விரலால் அழுத்தினாள். நகம் வெளுத்தது.

"பிடிச்சிருக்கியா?"

"பிடிச்சிருக்கேன்."

வெல்டரம்மா அளவைப் பார்த்தாள். பதினெட்டேகால். நன்றாகவே தெரிந்தது, எழுதிக்கொள்ள வேண்டியதுதான் பாக்கி. பென்சில் காதிலேயே இருந்தது.

"இன்னும் கொஞ்சம் இழுத்துப் பிடி," என்றாள்.

மகள் இழுத்துப் பிடித்தாள். கம்பிகளுக்கு நடுவே டேப் கம்பியாய் விறைத்து நின்றது.